லாபியில் 100 பேர்... அதில் நிஜ ஆள் எத்தனை பேர்?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து.

பிள்ளையார்பாளையத்தில் திண்ணை வைத்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. கரன்ட் போனால் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து காற்று வாங்கும் இடம் அது. மற்ற நேரமெல்லாம் என் தம்பியும் அவன் நண்பர்களும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"கேம் செத்துப்போச்சுடா. ஆளே இல்ல." இதைச் சொன்னவன் தம்பியின் நண்பன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான்.

"லூசு மாதிரி பேசாத. ஸ்டார்ட் அழுத்தின அரை நிமிஷத்துல நூறு பேர் சேர்ந்துடுறாங்க. இது ஆள் இல்லாத கேமா?" இது என் தம்பி. கல்லூரியில் இறுதியாண்டு.

அரை மணி நேரம் வாக்குவாதம் ஓடியது. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "அக்கா, நீதான் பத்திரிகையில இருக்கியே. யார் சொல்றது சரின்னு கண்டுபிடிச்சு எழுது!"

அரசியல் கட்சிக்கு எத்தனை தொண்டர்கள் என்று கேட்டால்கூடத் தப்பித்துவிடலாம். இந்தக் கேள்வியில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

எதுக்கு இந்தக் கவலை?

'ஏதோ ஒரு போன் விளையாட்டு. அதில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?' என்று நினைக்கும் அம்மா, அப்பாக்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம்.

அவர்கள் பேசியது பி.ஜி.எம்.ஐ. பற்றி. பழைய பப்ஜி மொபைலின் இந்திய வடிவம். 100 பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதிப்பார்கள். ஆயுதம் தேடி எடுத்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசிவரை நிற்பவர் ஜெயிப்பார். தனியாகவும் ஆடலாம், நான்கு பேர் கொண்ட 'ஸ்குவாட்' ஆகவும் ஆடலாம். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் காத்திருக்கும் இடம்தான் லாபி. ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடும் விளையாட்டு இல்லை இது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. அந்தக் கணக்கில் இது வராது.

கேரம் போர்டை வாங்கி வீட்டில் வைத்தால் அது நம்முடையது. இருபது வருடம் கழித்தும் பவுடர் போட்டு ஆடலாம். ஆன்லைன் ஆட்டம் அப்படி இல்லை. எதிரில் ஆள் இருக்கும்வரைதான் அது ஆட்டம். ஆள் குறைந்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் ஒருநாள் சர்வரை நிறுத்திவிடுவார்கள். நம் பிள்ளை காசு போட்டு வாங்கிய உடுப்பு, துப்பாக்கிக்குப் பூசிய வண்ணம், மூன்று வருடம் ஆடி ஏறிய படிநிலை எல்லாம் அதோடு போகும்.

இதெல்லாம் நடக்காத கதை இல்லை. 'அபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல்' 2022 மே மாதம் உலகம் முழுக்க வெளியானது. அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டு என்று ஆப்பிள் நிறுவனம் விருதும் கொடுத்தது. 2023 மே 1 அன்று இழுத்து மூடிவிட்டார்கள். முழுசாக ஒரு வருடம்கூட ஓடவில்லை. ஆகவே 'இந்த கேம் ஆரோக்கியமா இருக்கா?' என்பது, சீட்டுக் கட்டும் முன் 'இந்தக் கம்பெனி நிக்குமா?' என்று விசாரிக்கிற மாதிரியான கேள்விதான்.

சரி, எதை வைத்து அளப்பது?

பதிவேட்டில் இருப்பவர்கள்

தம்பி எடுத்து வீசிய முதல் ஆயுதம், "பத்துக் கோடி பேர் அக்கா!"

பொய் இல்லை. பி.ஜி.எம்.ஐ. ஆண்ட்ராய்டில் வெளியானது 2021 ஜூலை 2. ஒரு வருடத்தில் பதிவு செய்தவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று அதை நடத்தும் கிராஃப்டான் நிறுவனம் 2022 ஜூலையில் அறிவித்தது.

ஆனால் பதிவு என்பது என்ன? ஒரு முறை இறக்கி, பெயர் கொடுத்து உள்ளே போனால் நீங்களும் அந்தப் பத்துக் கோடியில் ஒருவர். மறுநாளே அழித்துவிட்டாலும் கணக்கிலிருந்து பெயர் போகாது. ஒரே ஆள் மூன்று கணக்கு வைத்திருந்தால் மூன்று பேர். என் அலுவலக போனில் செய்திக்காக ஒரு முறை போட்டேன், அதுவும் அதில் சேர்ந்திருக்கும். பதிவு எண்ணிக்கை ஏறும், இறங்கவே இறங்காது. இறங்கவே தெரியாத எண்ணை வைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாது.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "சங்கத்துல பேர் இருக்கும், தறியில ஆள் இருக்காது. அந்த மாதிரியா?"

அதேதான் அப்பா.

அத்திவரதர் கணக்கு

இரண்டாவது ஆயுதம் உச்சக் கூட்டம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் ஆடினார்கள் என்பது. கம்ப்யூட்டரில் ஆடும் பப்ஜியில் 2018 ஜனவரியில் ஒரே நேரத்தில் 32 லட்சத்துக்கும் மேல் ஆடினார்கள். ஸ்டீம் தளத்தில் யாரும் பார்க்கக்கூடிய எண் இது. இன்றைக்கு அந்த உயரத்தில் அது இல்லை. உடனே 'டெட் கேம்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனம். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். கடைக்குப் போய் பால் வாங்கி வருவதே பெரிய காரியமாக இருந்தது எங்களுக்கு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, 'இப்போது வரதராஜர் கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை, கோயில் முடிந்தது' என்று யாராவது சொல்வார்களா? தினமும் காலையில் வருகிறவர்கள் வருகிறார்கள், கருட சேவைக்கு ஊரே திரள்கிறது. எங்கள் பேட்டையை ஒட்டிய கைலாசநாதர் கோயிலில் சாதாரண நாளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள். 1,300 வருடமாக அது நிற்கிறது.

உச்சம் என்பது திருவிழா. ஆரோக்கியத்தைத் திருவிழாவில் பார்க்கக் கூடாது, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பார்க்க வேண்டும். போன வருடச் செவ்வாய்க்கும் இந்த வருடச் செவ்வாய்க்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி.

ஆனால் திருவிழாவே கூடாமல் போனால் அது வேறு விஷயம். சோனி நிறுவனத்தின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. பல வருட உழைப்பு. ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்சம் வெறும் 697. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, மூடிவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாறாக 'அமாங் அஸ்' 2018-ல் வெளியாகி இரண்டு வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. 2020 ஊரடங்கில் உலகமே அதை ஆடியது. அதனால் ஒரு மாத எண்ணை வைத்துச் சாவுச் சீட்டு எழுதுவதும் ஆபத்து.

இதில் இன்னொரு சிக்கல். ஸ்டீமில் இருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு எண்ணிக்கை வெளியே தெரியும். போன் விளையாட்டுகளுக்கு அப்படிப் பொதுப்பலகை கிடையாது. நிறுவனம் சொன்னால்தான் உண்டு. நல்ல எண்ணைச் சொல்வார்கள், மற்றதைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே உள்ளே போய் நாமே பார்ப்பதுதான் வழி.

நான் பெரிய வீராங்கனை ஆன கதை

பார்த்தேன். அலுவலக போனில் இருந்த புதுக் கணக்கில் ஆடினேன். முதல் ஆட்டத்தில் என்னைக் கண்டதும் எதிரிகள் அப்படியே நின்றார்கள். சுட்டேன், விழுந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் இன்னும் கூடுதலாக. எனக்குள் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததா என்று தம்பியிடம் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, அதெல்லாம் பாட்!"

பாட் என்றால் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் பொம்மை ஆட்கள். மனிதர்களைப் போலப் பெயர் இருக்கும், உடுப்பு இருக்கும், ஓடுவார்கள். ஆனால் நேர்கோட்டில் ஓடுவார்கள். சுட்டால் ஒளியத் தெரியாமல் நிற்பார்கள். புதிதாக வருபவர்கள் முதல் நாளே அடி வாங்கி ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கீழ்ப் படிநிலைகளில் இவர்களை நிறையக் கலப்பார்கள். ஆள் போதாதபோது இடத்தை நிரப்பவும் இவர்கள்தான். கம்ப்யூட்டர் பப்ஜியில்கூட 2020-ல் பாட்களைச் சேர்த்தார்கள்.

அரை நிமிடத்தில் 100 பேர் சேர்ந்தார்கள் என்று தம்பி சொன்னானே, அந்த 100 பேரும் மனிதர்களா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆட்டம் சீக்கிரம் தொடங்குவது நல்ல அறிகுறிதான். ஆனால் பாட் இருக்கும் ஊரில் அது மட்டும் போதாது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒரு நொடி யோசித்தார். "தூரத்துல இருந்து பார்த்தா விசைத்தறிப் புடவையும் கைத்தறிப் புடவையும் ஒண்ணுதான். கையில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

கூட்டத்தைப் பங்கு போடும் கணக்கு

நிஜ ஆட்கள் நிறைய இருந்தும் ஆள் கிடைக்காமல் போவது உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு நேரத்தில் 60,000 பேர் ஆடத் தயாராக இருக்கிறார்கள். ஐந்து வகைத் தீவு, ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு தீவுக்கு 12,000. தனி ஆட்டம், இருவர் ஆட்டம், நால்வர் ஆட்டம் என்று மூன்றாகப் பிரிந்தால் 4,000. ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பது, அவன் கண் வழியாகவே பார்ப்பது என இரண்டு கோணம். ஆகவே 2,000. சமமான திறமை உள்ளவர்களைத்தான் மோதவிட வேண்டும் என்பதால் எட்டுப் படிநிலையாகப் பிரித்தால் 250.

60,000 பேரில் உங்களோடு ஆடப் பொருத்தமானவர்கள் 250 பேர். இரண்டரை ஆட்டத்துக்குத்தான் ஆள்!

நிஜத்தில் இப்படிச் சமமாகப் பிரியாது. பழைய 'எராங்கல்' தீவில் கூட்டம் அலைமோதும், வேறொரு தீவு காலியாகக் கிடக்கும். இரவு ஒன்பது மணிக்கு உடனே ஆட்டம் கிடைக்கும், விடியற்காலை நான்கு மணிக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரகடத்து நண்பன் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஆடுவது எப்போது என்று கேட்டேன். "காலையில ஏழு, ஏழரை அக்கா. குளிச்சிட்டு, தூங்கறதுக்கு முன்னாடி." தம்பி ஆடுவது இரவு பத்து மணிக்கு.

ஒரே கேம்தான். ஆனால் இருவரும் பார்ப்பது வேறு வேறு ஊர். கோயம்பேட்டை விடியற்காலை பார்த்தவரும் நடுமதியம் பார்த்தவரும் சண்டை போட்ட கதைதான் இது.

பிறப்பே இல்லாத பத்து மாதம்

பி.ஜி.எம்.ஐ. கதையில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்ட இடத்துக்கு இப்போது வருகிறேன்.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சர்வரையே நிறுத்தினார்கள். அது முழு நிறுத்தம். எங்கள் தெருவில் அன்று துக்கவீடு மாதிரி இருந்தது. அடுத்த ஆண்டு பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். போனவர்கள் சாமான் செட்டோடு திரும்பினார்கள்.

இரண்டாவது முறை நடந்தது வேறு. பத்துக் கோடி என்று அறிவித்த அதே 2022 ஜூலையின் 28-ம் தேதி, அரசு உத்தரவின் பேரில் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து பி.ஜி.எம்.ஐ. நீக்கப்பட்டது. ஆனால் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடலாம். புதிதாக யாரும் கடையிலிருந்து இறக்க முடியாது. 2023 மே 29-ல் திரும்பும்வரை இப்படியே பத்து மாதம்.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரில் யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் புதிதாக ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை.

முதல் சில வாரம் வித்தியாசமே தெரியவில்லை என்கிறான் தம்பி. லாபி நிறைந்தது, ஆட்டம் கிடைத்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்ததாம். போன் உடைந்து புதுப் போன் வாங்கியவன் திரும்பி வர முடியவில்லை. சித்தப்பா பையன் சேர வேண்டும் என்றான், சேர வழியில்லை. மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் ஊறிப்போன கில்லாடிகள், சுமாராக ஆடுபவனுக்கு அடி மேல் அடி. அவனும் நிறுத்தினான். அடுத்த சுமார் ஆட்டக்காரன் இப்போது கடைசி ஆள் ஆனான். அவனும் நிறுத்தினான்.

ஆட்டம் சாவது உச்சியிலிருந்து இல்லை, அடியிலிருந்துதான். கில்லாடிகள் கடைசிவரை இருப்பார்கள். புதியவன் வராமல், சுமார் ஆள் நிற்காமல் போகும்போதுதான் நோய் தொடங்குகிறது. அந்த நேரத்தில் எண்ணிக்கை இன்னும் பெரியதாகவே தெரியும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

பி.ஜி.எம்.ஐ.க்குக் கதவு மறுபடி திறந்தது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற கட்டுப்பாட்டோடு வந்தது. புதியவர்களும் வந்தார்கள். என் அலுவலக போன் கணக்கே சாட்சி.

கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, வந்தவர் தங்கவும் வேண்டும். அதற்கு என் கதை ஒன்று. வேறொரு ஷூட்டிங் கேமில், முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து ஆடினேன். "வலது பக்கம் எதிரி" என்று மைக்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "டேய், பொண்ணுடா!" அதற்குப் பிறகு அந்த ஆட்டம் முடியும்வரை எதிரியைப் பற்றி யாருமே பேசவில்லை. அன்றிலிருந்து மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன். கொஞ்ச நாளில் அந்த விளையாட்டையே விட்டுவிட்டேன். இப்படிப் போகிறவர்களை எந்தக் கணக்கும் காட்டாது. அவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை, அமைதியாகப் போய்விடுவார்கள்.

நாலு பேர் எங்கே?

இதையெல்லாம் சேர்த்து ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். "ஆட்டம் உயிரோடதான் இருக்கு. புதியவங்க வர்றாங்க. ராத்திரி நேரத்துல கூட்டம் இருக்கு. சில மோடு காலி, அது வேற. செத்துப்போச்சுன்னு சொல்ல முடியாது. தம்பி கட்சி ஜெயிச்சுது."

ஒரகடத்து நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பி நண்பர்கள் பட்டியலைக் காட்டினான்.

அவர்கள் ஸ்குவாட் ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு பேர். ஊரடங்கின்போது சேர்ந்தது. அவனுக்கு இப்போது வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். இன்னொருவன் காந்தி ரோட்டில் பட்டுக்கடை விற்பனையாளன், முகூர்த்த மாதங்களில் கடை மூடவே பத்தாகிவிடும். மூன்றாமவன் பெங்களூர் போய்விட்டான். பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே 'கடைசியாக வந்தது' என்று போட்டிருந்த நாள் மிகவும் பழையது. நான்காவது, என் தம்பி.

"பத்துக் கோடி பேர் இருக்கலாம் அக்கா. எனக்கு ஆள் இல்ல" என்றான்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மூன்று நாளாக நான் தேடியது வேறு கேள்விக்கான பதில்.

அப்பா சும்மா இருக்கவில்லை. "ஒரு டீமுக்கு நாலு பேரா? எனக்கு ரெண்டு பேர் போதும். அதுவே கிடைக்கல."

வெளியூர் வாசகர்களுக்காக: காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே ஒவ்வோர் ஊடையிலும் கோத்துக்கொண்டு போவதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். தறியில் இருப்பவர் ஒருவரால் முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தது வீட்டுச் சிறுபிள்ளைகள். அப்பாவும் எட்டு வயதில் அங்கே உட்கார்ந்தவர்தான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. இன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், நானும் தம்பியும் போனோம். ஆள் குறைவது எல்லாமே நோய் இல்லை. இந்தக் குறைவு நல்ல குறைவு. ஆனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை என்பதும் உண்மை. இப்போது அம்மாதான் உட்காருகிறார். உலை வைத்துவிட்டு வந்து, குழம்பைப் பார்க்க எழுந்து போய், மறுபடி வந்து. அம்மா எழுந்தால் தறி நிற்கும்.

தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறி நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் 1995-96-ல் சுமார் 65 லட்சம். 2009-10-ல் 43.31 லட்சம். 2019-20-ல் 35.22 லட்சம். இதுவும் பெரிய எண்தான். 35 லட்சம் பேர் இருக்கும் தொழிலைச் செத்துப்போச்சு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் எங்கள் வீட்டுத் தறிக்குத் தேவைப்படுவது ஒரே ஓர் ஆள். காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து, கற்றுக்கொள்ள விருப்பம் உள்ள ஓர் ஆள்.

நீங்களே பார்த்துக்கொள்ள...

என் தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறேன். தம்பியும் சரி, நண்பனும் சரி. ஆட்டம் நன்றாக இருக்கிறது, அவர்கள் ஸ்குவாட் நன்றாக இல்லை. உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை வந்தால் கேட்டுப் பார்க்க நான்கு கேள்விகள்:

1. நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில், ஆடும் வகையில், எத்தனை நிமிடத்தில் ஆட்டம் கிடைக்கிறது? போன வருடம் எவ்வளவு நேரம் ஆனது?

2. எதிரில் இருப்பவர்கள் மனிதர்களா, பாட்டா? மேல் படிநிலைக்குப் போன பிறகும் பொம்மைகளாகவே வருகிறார்களா?

3. கடைசியாக யார் புதிதாகச் சேர்ந்தார்கள்? அவர்கள் அடுத்த மாதமும் இருந்தார்களா?

4. உங்களோடு ஆடுபவர்களில் எத்தனை பேரை நேரில் தெரியும்?

முதல் மூன்றுக்கும் பதில் மோசமாக இருந்தால் ராயல் பாஸுக்குக் காசு கட்டும் முன் யோசியுங்கள். நான்காவது கேள்வி பெற்றோருக்கானது. 'எத்தனை மணி நேரம் ஆடுற?' என்று கேட்கிறோம், அது அவசியம்தான். கூடவே 'யார்கூட ஆடுற?' என்றும் ஒருமுறை கேளுங்கள். 'யாரோ' என்று பதில் வந்தால், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிள்ளைக்கு விளையாட்டுப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆள் இல்லாமல் இருப்பதுதான் விஷயமாக இருக்கும்.

திண்ணைப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. நண்பன் தன் ஷிஃப்ட் அட்டவணையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். ஞாயிறு இரவு ஒன்பதரை மணி, எல்லோருக்கும் பொது. பெங்களூர்க்காரன் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டை விரல் மட்டும் அனுப்பியிருக்கிறான், வருவானா என்று தெரியாது. அதுவரை நான்காவது இடம் எனக்கு. மைக் ஆன் செய்துதான் ஆடப்போகிறேன், தெரிந்த பையன்கள்தானே!

ஞாயிறு காலையில் அம்மாவுக்குப் பதில் தறிப் பக்கம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரம். மூன்று முறை நாடாவைத் தவறவிட்டேன். அப்பா இழையைப் பிரித்து மறுபடி கோத்துவிட்டு, "பாட்டு மாதிரி நிக்காத, கையை அசை" என்றார். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டு ஸ்குவாடில் எத்தனை பேர்? எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.